கரையில் நின்று பார்த்தால்

குற்றவாளிகளைக் கப்பலில் ஏற்றி, திரும்பி வர முடியாத தூரத்துக்கு அனுப்பி விடுகிறார்கள். இறங்கிய இடத்தில் அவர்கள் குடிசை போட்டு, ஊர் கட்டி, பிள்ளை பெற்றுப் பெருகுகிறார்கள். அந்த வட்டாரம் தங்களுக்கு மட்டும் சொந்தமானதல்ல என்பது பிறகுதான் தெரிகிறது. சண்டை மூள்கிறது. அமெரிக்காவின் ப்ளிஸார்ட் நிறுவனம் 1998 மார்ச் 31-ல் வெளியிட்ட 'ஸ்டார்கிராஃப்ட்' என்ற கம்ப்யூட்டர் போர் விளையாட்டில் மனிதர்களின் கதை இதுதான். தென் கொரியாவில் டி.வி. சேனல்கள் இந்த ஆட்டத்தைக் கிரிக்கெட் மாதிரி வர்ணனையோடு ஒளிபரப்பின. ஆட்டக்காரர்கள் சினிமா நட்சத்திரங்களைப் போலக் கொண்டாடப்பட்டார்கள்.

அந்தமானில் இந்தக் கதையைச் சொன்னால் யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். கம்ப்யூட்டர் இல்லாமலே நடந்த கதை அது. 1858 மார்ச் 10-ல் டாக்டர் ஜே.பி. வாக்கர் 200 கைதிகளோடு போர்ட் பிளேரில் வந்து இறங்கினார் (2024 முதல் அந்த நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம்). முந்தைய ஆண்டு நடந்த சிப்பாய்க் கிளர்ச்சியில் பிடிபட்டவர்களை வைக்க இடம் தேவைப்பட்டது. கடல் தாண்டினால் சாதி போகும் என்று பயந்த காலத்தில் கடலே சிறைச் சுவராயிற்று. அந்தக் கரையில் ஏற்கனவே ஆட்கள் இருந்தார்கள். பெரிய அந்தமானியர் என்று பின்னால் பெயரிடப்பட்ட பத்து இனக்குழுக்கள், தெற்கே ஜாரவாக்கள், இன்னும் தெற்கே ஓங்கேக்கள், மேற்கே தனித் தீவில் சென்டினல்காரர்கள். வில், அம்பு, மரத்தைக் குடைந்த ஓடம், அணையாமல் காக்கும் நெருப்பு. இவ்வளவுதான் அவர்கள் சொத்து.

விளையாட்டில் மூன்று தரப்பு. நான்கு பெரிய கப்பல்களில் பூமியிலிருந்து விரட்டப்பட்ட கைதிகளின் வாரிசுகளான மனிதர்கள் ஒரு தரப்பு. பூச்சிக் கூட்டம் மாதிரி பெருகி, ஒரே மூளையின் கட்டளைக்கு ஆடும் ஸெர்க் இன்னொன்று. எண்ணிக்கையில் குறைவான, மிகப் பழைய நாகரிகம் கொண்ட, மனோசக்தி படைத்த புரோட்டாஸ் மூன்றாவது. ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. மனிதர்களின் கட்டடங்கள் ஆபத்து வந்தால் எழும்பிப் பறக்கும். ஸெர்க்கின் கட்டடங்களே உயிருள்ளவை. புரோட்டாஸ் வீரனுக்கு உடம்புக்கு மேல் ஒரு காப்பு உண்டு. அடி ஓய்ந்தால் அது தானாகவே மீண்டும் நிரம்பும்.

இவ்வளவு வித்தியாசமான மூவரைச் சமமாக்கியதுதான் அந்த விளையாட்டின் சாமர்த்தியம். 50 'மினரல்' கொடுத்தால் ஒரு மனிதச் சிப்பாய் கிடைப்பான். அதே 50-க்கு இரண்டு ஸெர்க் குட்டிகள். புரோட்டாஸ் வீரன் ஒருவனுக்கு 100. யாருடைய கை ஓங்குகிறது என்று கவனித்து, விலையையும் வலுவையும் சில ஆண்டுகள் திருத்திக் கொண்டே இருந்தார்கள். தோற்றவன் இனத்தைக் குறை சொல்ல முடியாது; தன் விரல்களைத்தான் நொந்து கொள்ள வேண்டும்.

சமமில்லாத இரு தரப்பைச் சமமாக மோத விடும் வித்தை தமிழ்நாட்டுத் திண்ணைகளுக்குப் புதிதல்ல. ஆடு புலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டிக் குதித்து வெட்டும். ஆட்டுக்கு வெட்டத் தெரியாது. நெருங்கி நின்று வழியை அடைக்கத்தான் தெரியும். ஆனாலும் பொறுமைசாலி ஆட்டை எடுத்தால் புலி மூச்சு முட்டி நிற்கும். சதுரங்கத்தை ராஜாக்களின் ஆட்டம் என்றால் இது குடியானவர்களின் ஆட்டம். போரைப் பற்றி இதற்குத்தான் அதிகம் தெரியும் என்று தோன்றுகிறது.

அந்தமானில் விலைப்பட்டியலைத் திருத்த யாரும் உட்காரவில்லை. 1859 மே மாதம் அபர்தீன் என்ற இடத்தில் அந்தமானியர் பெரும் கூட்டமாகத் திரண்டு வந்து குடியிருப்பைத் தாக்கினார்கள். அபர்தீன் போர் என்று அதற்குப் பெயர். அம்பும் ஈட்டியும் ஒரு பக்கம். துப்பாக்கியும் கப்பல் பீரங்கியும் மறுபக்கம். தாக்குதல் வருகிறது என்று வெள்ளைக்காரர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. சொன்னவர் துத்நாத் திவாரி.

இந்த மனிதரின் கதையை எந்த விளையாட்டு எழுத்தாளரும் கற்பனை செய்ய முடியாது. கிளர்ச்சியில் சேர்ந்த சிப்பாய். கைதியாக வந்து சேர்ந்தவர். 1858 ஏப்ரலில் மற்றவர்களோடு தப்பிக் காட்டுக்குள் ஓடினார். அந்தமானியர் கையில் சிக்கி உடன் வந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். காயத்தோடு பிழைத்த இவரை அவர்கள் தங்களோடு வைத்துக் கொண்டார்கள். ஓராண்டு அவர்களோடு சுற்றினார்; அவர்கள் பேச்சைக் கற்றார்; அவர்கள் பெண்ணை மணந்தார். தாக்குதல் திட்டம் தெரிந்ததும் ஓடி வந்து வாக்கரிடம் சொல்லி விட்டார். மன்னிப்புக் கிடைத்தது, ஊர் திரும்பினார். ஸ்டார்கிராஃப்டில் கெரிகன் என்று ஒரு பெண் வருகிறாள். சொந்தத் தலைவனே எதிரி நடுவில் கைவிட்டுப் போக, ஸெர்க் அவளைப் பிடித்துத் தங்களில் ஒருத்தியாக்குகிறது. அவளோ பிடித்தவர்களுக்கே ராணியாகிறாள். திவாரி எதிர்த் திசையில் நடந்தார். அவரைத் துரோகி என்பதா, உயிருக்குப் பயந்த ஏழைக் கைதி என்பதா? கிளர்ச்சிக்காரன் என்று தண்டித்தவர்களுக்கே அவர் உளவு சொன்னார் என்பதையும், அவரை உயிரோடு விட்டவர்கள் அதற்கு விலை கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

துப்பாக்கி செய்ததை விட அதிகமாக நோய் செய்தது. அந்தமானியர் இல்லம் என்ற பெயரில் அவர்களைக் கூட்டி வைத்துப் பழக்கப்படுத்திய இடங்களில் மேகநோய் பரவியது. 1877-ல் வந்த தட்டம்மை ஊர் ஊராக வாரிக் கொண்டு போயிற்று. கைதிகள் வந்து இறங்கியபோது சில ஆயிரம் பேராக இருந்த பெரிய அந்தமானியர் 1901 கணக்கெடுப்பில் 625. 1961-ல் 19.

எச்.ஜி. வெல்ஸ் 1898-ல் புத்தகமாக வெளியிட்ட 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' நாவலில் செவ்வாய்க் கிரகவாசிகள் இங்கிலாந்தைத் துவம்சம் செய்கிறார்கள். கடைசியில் பூமியின் கிருமிகள் தாக்கி அவர்களே மடிகிறார்கள். ஐரோப்பியர் டாஸ்மேனியப் பழங்குடியை அழித்ததை வெல்ஸ் முதல் அத்தியாயத்திலேயே நினைவுபடுத்துகிறார். வந்தேறியைக் கிருமி கொன்றது நாவலில். நிஜத்தில் கிருமி வந்தேறியோடு கப்பலில் வந்தது.

வெல்ஸுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஈய பொம்மைகளை வைத்து வீட்டுத் தரையில் போர் விளையாட 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்று விதிப் புத்தகம் எழுதியவர் அவர். வேற்றுக் கிரகப் படையெடுப்பும் பொம்மைப் போரும் ஒரே பேனாவிலிருந்து வந்தவை. இரண்டும் சேர்ந்த பிரபல வாரிசு, 1987-ல் இங்கிலாந்தில் வெளியான 'வார்ஹாமர் 40,000'. அதில் வரும் மனிதப் பேரரசுக்கு வேற்றினத்தார் யாராக இருந்தாலும் கொல்லப்பட வேண்டியவர்கள். சில ரசிகர்கள் இந்த வெறியை வீரம் என்று நிஜமாகவே கொண்டாட ஆரம்பித்ததும், அந்தப் பேரரசு நையாண்டிக்காகப் படைக்கப்பட்டது, முன்மாதிரி அல்ல என்று 2021-ல் கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம் விளக்கம் தர வேண்டியிருந்தது. மனிதர்கள் என்ற லேபிளை ஒட்டினாலே நல்லவர்கள் என்று எடுத்துக் கொள்ளும் பழக்கம் அவ்வளவு ஆழமானது.

ஆக, சமநிலை விஷயத்தில் விளையாட்டு சொல்வது பொய். ஆனால் வேறொரு விஷயத்தில் அது சரித்திரத்தை விட நேர்மையானது. ஸ்டார்கிராஃப்டில் முதலில் மனிதர்களுக்குத் தளபதியாக இருந்து ஜெயிக்கிறீர்கள். அடுத்த பகுதியில் ஸெர்க் பக்கம் உட்கார வேண்டும். மூன்றாவதில் புரோட்டாஸ். நேற்று சுட்டுத் தள்ளிய ஜந்துவுக்கு இன்று நீங்களே காவல். அதன் பயமும் கணக்கும் உங்களுடையவை. நாற்காலி மாறாமல் கதை முடியாது.

அபர்தீன் போருக்கு அப்படி இன்னொரு நாற்காலி கிடையாது. எழுதப்பட்டவை எல்லாம் கப்பலில் வந்தவர்கள் எழுதியவை. அந்தமானியரைப் பற்றி விரிவாக எழுதிய அதிகாரி எம்.வி. போர்ட்மன் 1899-ல் வெளியிட்ட புத்தகத்துக்கு வைத்த தலைப்பு, 'அந்தமானியருடன் நமது உறவுகளின் வரலாறு' என்று பொருள்படும். 'நமது' என்ற அந்த ஒரு சொல்லில் நாற்காலி எங்கே போடப்பட்டிருக்கிறது என்று தெரிந்து விடுகிறது. எதிர்ப்பக்கத்தின் மொழிகள் ஒவ்வொன்றாய் அணைந்தன. போ மொழியைப் பேசிய கடைசி மனுஷியான போவா சீனியர் 2010 ஜனவரியில் இறந்தார். மொழியியல் பேராசிரியர் அன்விதா அப்பி பதிவு செய்து வைத்த அவருடைய குரல் மிஞ்சியிருக்கிறது.

தெற்கு அந்தமானில் குட்வில் எஸ்டேட் என்று ஓர் ஊர் இருக்கிறது. நல்லெண்ணத் தோட்டம். தமிழ்நாட்டில் குட்வில் என்றால் கடை கைமாறும்போது பழைய முதலாளியின் பெயருக்காகத் தனியாக எண்ணி வைக்கும் பணம். இந்தத் தீவுகள் கைமாறியபோது அப்படி யாரும் யாருக்கும் எண்ணி வைக்கவில்லை. அதற்காக இங்கே வந்து வாழ்பவர்களை எல்லாம் படையெடுத்தவர்கள் என்று சொல்வதும் நியாயமில்லை. முதலில் வந்தவர்கள் சங்கிலியோடு வந்தார்கள். 1921 மலபார் கிளர்ச்சிக்குப் பின் மாப்பிளைக் கைதிகள் வந்தார்கள். பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காள அகதிகள். சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழர்களில் ஒரு பகுதியினர் நிகோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்ட வேலைக்குக் குடியேற்றப்பட்டார்கள். தேயிலை மலையில் பிறந்தவர்களை 'உங்கள் ஊருக்குப் போங்கள்' என்று கப்பலேற்றி, முன்பின் பார்த்திராத தீவில் இறக்கினால் அவர்கள் எந்தத் தரப்பு? 2011 கணக்கெடுப்பின்படி வங்காளம், இந்திக்கு அடுத்து இந்தத் தீவுகளில் அதிகம் பேசப்படும் தாய்மொழி தமிழ். கூலி, கடை, பள்ளிக்கூடம், மாரியம்மன் கோயில் என்று வாழ்க்கை ஓடுகிறது. கரையில் வில்லோடு நிற்பவனுக்கோ விரட்டப்பட்டு வந்தவனும் விரட்ட வந்தவனும் ஒரே கப்பலில் இருந்துதான் இறங்கினார்கள்.

1996-ல் கால் முறிந்து கிடந்த ஜாரவா சிறுவன் ஒருவனைப் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் வைத்துக் குணப்படுத்தித் திருப்பி அனுப்பினார்கள். 1997 அக்டோபரில் ஜாரவாக்கள் முதன்முறையாக அம்பை விட்டுவிட்டுக் காட்டைத் தாண்டி வெளியே வந்தார்கள். நூறாண்டுப் பகை முடிந்தது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். 1999-ல் அவர்களுக்குத் தட்டம்மை வந்தது. நல்லவேளையாக இந்த முறை மருந்தும் கூடவே போயிற்று.

சென்டினல்காரர்கள் மட்டும் ஆடு புலி ஆட்டத்தை ஆடு போலவே ஆடுகிறார்கள். நெருங்க விடுவதில்லை. காட்டுமிராண்டிகள் என்று சொல்லிச் சிரிப்பவர்கள் 1880-ல் நடந்ததைத் தெரிந்து கொள்ள வேண்டும். போர்ட்மன் ஆயுதம் தாங்கிய ஆட்களோடு அந்தத் தீவில் இறங்கித் தேடினார். எல்லோரும் காட்டுக்குள் மறைந்து விட்டார்கள். கையில் அகப்பட்டது ஒரு கிழவன், ஒரு கிழவி, நான்கு குழந்தைகள். ஆராய்வதற்காக அவர்களைப் போர்ட் பிளேருக்கு ஏற்றிப் போனார்கள். கிழவனும் கிழவியும் நோயில் இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருட்களோடு கொண்டு வந்து கரையில் விட்டார்கள். பறக்கும் தட்டில் வந்தவர்கள் மனிதர்களைத் தூக்கிப் போய்ச் சோதித்து விட்டுத் திருப்பி அனுப்புவதாக அமெரிக்காவில் ஆயிரம் கதைகள் சொல்கிறார்கள். இங்கே அது அரசாங்கப் பதிவேட்டில் இருக்கிறது.

1956-ல் வந்த பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை யாரும் அங்கே போகக் கூடாது என்கிறது. தீவைச் சுற்றி 5 கடல் மைல் வரை தடை. ஆட்டுக்கு ஆதரவாக ஒரு விதி எழுதப்பட்டது அப்போதுதான். ஆனாலும் ஆட்கள் போகிறார்கள். 2018 நவம்பரில் மதம் பரப்பப் போன ஓர் அமெரிக்க இளைஞர் கொல்லப்பட்டார். 2025 மார்ச்சில் இன்னொரு அமெரிக்க இளைஞர் தனியாகப் படகில் போனார். கரைக்கு எதிரே நின்று நெடுநேரம் விசில் ஊதினார். யாரும் வரவில்லை. சில நிமிடங்கள் இறங்கினார். ஒரு தேங்காயும் ஒரு டயட் கோக் கேனும் வைத்தார். எல்லாவற்றையும் வீடியோ எடுத்தார். கொஞ்சம் மணலைச் சாம்பிளாக அள்ளிக் கொண்டு படகேறினார். இரண்டு நாள் கழித்துப் போலீஸ் அவரைக் கைது செய்தது.