டேக் இல்லாத மெத்தை

ஓசூரை ஒட்டிய ஒரு விமானப் பராமரிப்புக் கூடம். வருகிறவர்கள் எல்லாம் ஹேங்கரைத்தான் காட்டச் சொல்வார்களாம். நான் ஸ்டோர்ஸைப் பார்க்க வேண்டும் என்றதும் அதன் பொறுப்பாளர் சிரித்தார். "இங்கே மெத்தை, கம்பளம், திரைச்சீலைதான் சார் இருக்கு. பரவாயில்லையா?"

வாசலை அடுத்துக் கம்பிவலை போட்டுப் பூட்டிய ஓர் அறை. உள்ளே பிரித்த பெட்டிகளில் புத்தம்புது இருக்கை மெத்தைகள். "வந்து ஒன்பது நாளாச்சு. சான்றிதழில் பார்ட் நம்பரில் ஓர் எழுத்து தப்பு. சரியான தாள் வரும்வரை இது எங்க கணக்கில் ஸ்டாக்கே இல்லை" என்றார். இந்தியாவின் சிஏ படிவம் 1, ஐரோப்பாவின் ஈசா படிவம் 1, அமெரிக்காவின் 8130-3 என எந்த நாட்டுத் தாளானாலும் பொருளோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

உட்காரும் மெத்தைக்கு ஏன் இத்தனை கெடுபிடி? தீ. திரை, கம்பளம் போன்ற துணிகளைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு 12 விநாடி சுடர் காட்டுவார்கள். சுடரை எடுத்த பிறகு சராசரியாக 15 விநாடிக்கு மேல் எரியக்கூடாது. எரிந்த நீளம் 8 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. மெத்தைக்கு இன்னும் கடுமையான எண்ணெய்ச் சுடர்ச் சோதனையை அமெரிக்கா 1984இல் விதியாக்கியது. எந்தத் துணி சோதனையில் தேறியது என்று எப்போதும் தெரிய வேண்டும். அதனால்தான் கம்பளச் சுருளிலிருந்து ஒரு முழம் வெட்டினாலும் அந்தத் துண்டில் பேட்ச் எண் ஒட்டப்படுகிறது.

அடுத்த ரேக்கில் இருக்கை உறைகள். "180 இருக்கை என்றால் 180 உறைதானே?" என்றேன்.

"அங்கேதான் சார் ஏமாறுவாங்க" என்று மூன்று உறைகளை விரித்தார். முதல் வரிசைக்குச் சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் இருக்கும். அதன் உறை வேறு. அவசர வழி வரிசைக்கு வேறு. சன்னல், நடு, ஓரம் என்றும் வடிவம் மாறும். மொத்தத்தில் 200 இருந்தும் தேவையான ஒன்று இல்லாமல் போகலாம். அதனால் இங்கே எல்லாக் கணக்கும் பார்ட் நம்பர் வாரியாகத்தான். துணி உறையில் ஒரு செட் விமானத்தில், ஒரு செட் சலவையில், ஒரு செட் ரேக்கில்.

எப்போது ஆர்டர் போடுவது? தாளில் எழுதிக் காட்டினார். மாதம் 10 சாப்பாட்டுத் தட்டுகள் உடைகின்றன, புதியது வர நான்கு மாதம் என்றால், கையிருப்பு 40 ஆகும்போதே ஆர்டர் போட வேண்டும். கப்பலோ சுங்கமோ தாமதித்தால் சமாளிக்க இன்னொரு 10. ஆக, 50ஐத் தொட்டதும் மணி அடிக்க வேண்டும். இப்படித் தாமதம் பெரிய நிறுவனத்துக்கும் நேரும். ஏர் இந்தியா தன் பெரிய விமானங்களின் உட்புறத்தைப் புதுப்பிக்க 40 கோடி டாலர் ஒதுக்குவதாக 2022இல் அறிவித்தது. பணம் இருந்தும் இருக்கைகள் நேரத்துக்கு வராமல் வேலை தள்ளிப்போனது.

கடைசி மூலையில் காலாவதிப் பொருள்கள், சிவப்பு டேக்குடன். பழைய லைஃப் ஜாக்கெட்டுகளைக் குறுக்கே வெட்டிப் போட்டிருந்தார்கள். "முழுசா இருந்தா யாராவது மறுபடி ரேக்கில் வெச்சிடுவாங்க." அவர் பயம் வீண் அல்ல. 1996 மே 11 அன்று மயாமியில் புறப்பட்ட வேல்யூஜெட் 592இன் சரக்கறையில், வேறு விமானங்களிலிருந்து கழற்றிய ஆக்சிஜன் ஜெனரேட்டர்கள் பாதுகாப்பு மூடி இல்லாமல் ஏற்றப்பட்டன. சரக்குச் சீட்டில் 'காலி' என்று எழுதியிருந்தது. அவை காலி இல்லை. தீப்பிடித்து விழுந்த விமானத்தில் இருந்த 110 பேரும் இறந்தார்கள்.

திரும்பும்போதும் அந்த மெத்தைகள் வலைக்குள்ளேயே இருந்தன. அடுத்த முறை விமானத்தில் ஓர் இருக்கையில் யாரையும் உட்காரவிடாமல் வைத்திருந்தால் பணிப்பெண்ணிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். அதற்கான பொருள் எங்கோ ஒரு தாளுக்காகக் காத்திருக்கலாம்.