மாத்திக்கலாமா, வளர்த்துக்கலாமா?

இந்த வாரம் சினிமா இல்லை, அரசியல் இல்லை. கபடி. பிடிக்காதவங்க அடுத்த வாரம் வாங்க :-)

பெரம்பலூர், அரியலூர் பக்கம் பொங்கல்னா கரும்பு, மாட்டுக்கு மாலை, அப்புறம் ராத்திரி முழுக்க ஃபோகஸ் லைட் வெளிச்சத்துல கபடி. எங்க ஊர் டீமுக்கு இந்தத் தடவை ஒரு சிக்கல். அரியலூர் பக்கத்து டீம் ஒண்ணு ஆளை மாத்திக்கலாமான்னு கேட்டிருக்கு. அவங்ககிட்ட பத்தொன்பது வயசுல ஒரு ரைடர் இருக்கான். நல்ல வேகம். ஆனா அவனுக்கு முன்னாடி ரெண்டு சீனியர் இருக்கறதால பாதி மேட்ச் வெளியிலேயே உட்கார்ந்திருக்கான். "அவனைத் தர்றோம், உங்க லெஃப்ட் கார்னர் அண்ணனை இந்த சீசனுக்குக் குடுங்க" என்கிறாங்க. டீக்கடையில பத்து நாளா இதே பேச்சுதான்.

ஆள் மாத்தறது நமக்கொண்ணும் புதுசில்லை. எங்க மாவட்டத்தையே அப்படித்தான் பண்ணினாங்க. 1995-ல திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிஞ்சது. 2001-ல அரியலூர் தனி மாவட்டம். 2002-ல திரும்பவும் ஒண்ணாக்கினாங்க. 2007-ல மறுபடி பிரிச்சாங்க. இதுக்கு முன்னாடி கபடி டிரேடெல்லாம் ஜுஜுபி. ஐ.பி.எல்.லயும் 2025 நவம்பர்ல ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் குடுத்துட்டு சஞ்சு சாம்சனைச் சென்னை வாங்கிச்சு. அன்னைக்கு எங்க ஹாஸ்டல்ல பல பேர் சாப்பிடவே இல்லை.

சரி, மேட்டருக்கு வருவோம். ரெண்டாவது ரைடர் நமக்குத் தேவையா?

கண்டிப்பாத் தேவை. இதுல கபடிக்கும் மத்த ஆட்டங்களுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. கூடைப்பந்துல பெரிய ஆட்டக்காரர் மூச்சு வாங்கும்போது மாத்து ஆள் வருவார். கபடியில பெரிய ரைடர் பிடிபட்டா வெளியே போயாகணும். நம்ம ஆள் யாராவது ஒரு பாயின்ட் எடுத்தாத்தான் வெளியே இருக்கறவங்கள்ல ஒருத்தர் உள்ளே வர முடியும். அவரை உள்ளே கொண்டு வர்ற வேலைதான் ரெண்டாவது ரைடருக்கு. அதோட ரெண்டு ரைடு சும்மா போச்சுன்னா மூணாவது ரைடுல பாயின்ட் எடுத்தே ஆகணும், இல்லைன்னா போனவன் அவுட். அந்த மூணாவது ரைடுக்கு யாரை அனுப்பறதுன்னு தெரியாமத்தான் போன வருஷம் ரெண்டு மேட்ச் தோத்தோம்.

பெரிய உதாரணம் வேணும்னா தமிழ் தலைவாஸைப் பாருங்க. 2022-ல பவன் செராவத்தை 2.26 கோடிக்கு ஏலத்துல எடுத்தாங்க. அக்டோபர் 8-ந் தேதி குஜராத்தோட முதல் மேட்ச். ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே முழங்கால்ல அடி. அத்தோட அந்த சீசன் முழுக்க அவர் இல்லை. முடிஞ்சது கதைன்னு நினைச்சோம். அப்போ எழுந்து நின்னவர் நரேந்தர். ஹரியானாக்காரர், அவருக்கு அதுதான் முதல் சீசன். 240-க்கு மேல ரைடு பாயின்ட் எடுத்தார். 2017-ல லீக்குக்கு வந்த தலைவாஸ் முதல் தடவையா பிளேஆஃப் போனாங்க. உ.பி. யோதாஸை டைபிரேக்கர்ல ஜெயிச்சு, அரையிறுதியில புனேகிட்ட ரெண்டே பாயின்ட்ல தோத்தாங்க.

இதைக் காட்டித்தான் எங்க ஊர்ல பாதிப் பேர் "பையனை வாங்கிடலாம்" என்கிறாங்க. அவங்க ஒண்ணை மறந்துடறாங்க. நரேந்தருக்காகத் தலைவாஸ் எந்த டிஃபெண்டரையும் விட்டுக் குடுக்கலை. அடிபட்ட பிறகு ஓடிப்போய்த் தேடினதும் இல்லை. சீசன் ஆரம்பிக்கும்போதே பையன் டீம்ல இருந்தார்.

நம்ம கார்னர் அண்ணன் விஷயம் அப்படி இல்லை. போனஸுக்குக் கால் நீட்டறவனோட கணுக்காலைப் பிடிக்கிறது அவர். அவர் பிடிச்ச பிறகுதான் கவர்ல நிக்கறவங்க பாயறாங்க. அவர் போயிட்டா மத்த ஆறு பேரும் சும்மா நிக்க வேண்டியதுதான். பையன் பத்து பாயின்ட் எடுத்தாலும் இந்தப் பக்கம் பதினஞ்சு போயிடும். கணக்கு உதைக்குது.

அந்தப் பையன் பக்கமும் யோசிக்கணும். இங்கேயும் வெளியிலதான் உட்காரப் போறான்னா அவன் எதுக்கு வரணும்? வெளியே உட்கார்றது கேவலம்னு நான் சொல்லலை. அரியலூர்க்காரர் கார்த்தி செல்வத்தை எல்லாருக்கும் தெரியும். 2023 ஆகஸ்ட்ல சென்னையில நடந்த ஹாக்கி ஆசிய சாம்பியன்ஸ் டிராஃபி அரையிறுதியில ஜப்பானை இந்தியா 5-0ன்னு ஜெயிச்சப்போ அஞ்சாவது கோல் அவரோடது. அவரே 2025 ஆசியக் கோப்பைக்கு ஸ்டாண்ட்பை. இந்திய டீம்லயே அப்படின்னா, மண் தரையில ஆடற நம்ம பசங்களைப் பத்திக் கேட்கவே வேண்டாம். ஆனா ஸ்டாண்ட்பையா இருக்கறவனுக்கு, கூப்பிட்டா எதுக்குக் கூப்பிடுவாங்கன்னாவது தெரியணும்.

அதனால என் கட்சி இதுதான். அண்ணனைக் குடுக்கக் கூடாது. பையன் வரலாம், மாத்தா இல்லை, விருந்தாளி ஆட்டக்காரனா. வந்தா மூணாவது ரைடு எல்லாம் அவனுக்குன்னு முதல் நாளே சொல்லிடணும். ரெண்டு தடவை பிடிபட்டாலும் மூணாவது தடவையும் அவனைத்தான் அனுப்பணும். பரிசுப் பணத்துல அவனுக்கும் சரி பங்கு.

இதுக்கு அவங்க ஒத்துக்கலைன்னா, நம்ம டீமுக்குத் தண்ணி பாட்டில் தூக்கிட்டு வர்றானே பிளஸ் டூ பையன், அவனுக்கு அந்த மூணாவது ரைடைக் குடுங்க. மூணு வருஷமா எல்லா மேட்சையும் கோட்டுக்கு வெளியே நின்னு பார்த்தவன். யார் எந்தக் கால்ல பாய்வான்னு அவனுக்கு மனப்பாடம். நாலு மேட்ச் தோற்போம், தோத்தா என்ன? அடுத்த பொங்கலுக்கு அரியலூர்க்காரங்க அவனைக் கேட்டு வருவாங்க. அப்பவும் குடுக்கக் கூடாது, சொல்லிட்டேன் :-)

உங்க ஊர் டீம்ல இந்த மாதிரி ஒரு பையன் வெளியே உட்கார்ந்திருக்கானா?