கணிப்பானும் நிரலும்

விக்கிரமங்கலத்தில் நிலமுடையார் தம் நிலத்தை ஏக்கர், சென்ட் என்றே கூறுவர். பட்டாவிலோ அஃது ஹெக்டேர், ஏர் என்னும் அளவைகளாற் குறிக்கப்பெறும். (ஈண்டு ஏர் என்பது உழுபடையன்று, நூறு சதுர மீட்டர்.) ஓர் ஏர் ஏறத்தாழ 2.47 சென்ட் ஆகும். இப்பெருக்கலைப் பலகாலும் செய்ய நேர்வோர், அதன் நெறியைக் கணிப்பானுக்கே கற்பித்து வைக்கலாம். அங்ஙனம் கற்பிக்கும் கட்டளைத் தொடரை நிரல் என்பர்.

1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஹெச்பி-65 என்னும் கைக்கணிப்பான் நூறு கட்டளைகளை நினைவிற் கொண்டது. நிரலைச் சிறு காந்த அட்டையிற் பதிந்து காத்தது. 1975-இல் அப்பல்லோ, சோயுஸ் கலங்கள் வானிற் கூடியபொழுது அஃது அமெரிக்க வீரரொடு சென்றது. 1985-இல் காசியோ நிறுவனத்தார் வரைபடமும் காட்டும் கணிப்பானை ஆக்கினர். அதன் நிரலுக்குரிய இடம் 422 பைட்டே. எனவே, எழுதுவோர் ஓரெழுத்தும் மிகாது சுருக்கக் கற்றனர்.

நம் நிலக்கணக்கிற்கு மூன்று கட்டளை போதும்: ஏரின் எண்ணைக் கேட்க, 2.47-ஆற் பெருக்குக, விடையைக் காட்டுக. ‘பெருக்குக’ என்னுமிடத்து ‘வகுக்க’ என்று பிழைபட எழுதினும் கணிப்பான் தயங்காது விடை கூறும். 99 சென்ட் அளவினதாகிய 40 ஏர் நிலம் 16 சென்டாகச் சுருங்கிவிடும். அதனை நம்பி விலை பேசுவார் நிலை இரங்கத்தக்கது! ஆதலின், நிரலை எழுதி முடித்ததும் விடை தெரிந்த எண்ணொன்றை இட்டுப் பார்த்தல் வேண்டும். நூறு ஏருக்கு 247 வாராவிடின், கட்டளைகளை முதலிலிருந்து படித்தலே வழி.