ஐந்தாவது பாடம்

2010ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எங்கள் பள்ளி அலுவலகத்தில் எனக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். பதினொன்றாம் வகுப்பில் சேர விரும்பும் மாணவர் தாம் படிக்கப்போகும் ஐந்து பாடங்களை அதில் எழுதித் தர வேண்டும். பள்ளி வாயிலைக் கடப்பதற்கு முன்பே முதல் நான்கு கட்டங்களை நிரப்பிவிட்டேன். ஆங்கிலம், பொருளியல், கணக்குப்பதிவியல், வணிகவியல். ஐந்தாவது கட்டம் மட்டும் பன்னிரண்டு நாள் வெறுமையாகவே கிடந்தது.

பொருளியல் மீது எனக்கு ஆசை வந்த கதையை முதலில் சொல்ல வேண்டும். என் தந்தையார் டெல்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். இராமகிருஷ்ணபுரத்தில் அரசுக் குடியிருப்பில் எங்களுக்கு இரண்டு அறை வீடு. அந்தக் குடியிருப்பில் ஆண்டுக்கு இருமுறை எல்லா வீடுகளிலும் ஒரே பேச்சு எழும். “இந்த முறை அகவிலைப்படி எத்தனை விழுக்காடு?” சனவரிக்கு ஒன்று, சூலைக்கு ஒன்று. மாடிவீட்டுப் பஞ்சாபிக்காரரும் எதிர்வீட்டு மலையாளியும் என் அப்பாவும் படிக்கட்டில் நின்று அதைப் பற்றித்தான் பேசுவார்கள். துவரம்பருப்பு விலை ஏறினால் அம்மா முகம் வாடும். அதே விலை சில மாதம் கழித்து அப்பாவின் சம்பளச் சீட்டில் ஓர் எண்ணாகத் தோன்றும். மளிகைக் கடையிலிருந்து சம்பளச் சீட்டுக்கு அந்த விலை எந்த வழியாகப் பயணம் செய்கிறது என்று நான் கேட்டேன். “அதெல்லாம் பொருளியல் படித்தவர்கள் போடும் கணக்கு” என்றார் அப்பா. அன்றே நான் பொருளியல் படிப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் சிறப்புப் பட்டப்படிப்பில் சேர, பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்திருக்க வேண்டும். இங்கேதான் சிக்கல். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் பத்தாம் வகுப்பு முடிவுகளை மதிப்பெண்ணாக அன்றித் தரநிலையாக முதன்முதலில் வெளியிட்டது அந்த ஆண்டில்தான். கணிதத்தில் எனக்குக் கிடைத்தது பி1. அதாவது 71க்கும் 80க்கும் இடையில் ஏதோ ஓர் எண். மற்ற பாடங்களில் எல்லாம் ஏ1, ஏ2. கணிதத்தைப் பார்த்தால் எனக்கு வயிற்றில் ஏதோ புரளும். பொருளியலோ வேண்டும்; அதன் வாசலில் நிற்கும் காவலரோ கணிதம்.

ஐந்தாவது கட்டத்துக்கு வேறு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று உடற்கல்வி. அதில் செய்முறைத் தேர்வு உண்டு. 95க்குக் குறையாமல் வரும் என்று மூத்த மாணவியர் சொல்வார்கள். என் உயிர்த்தோழி அதைத்தான் எழுதினாள். மற்றொன்று தமிழ். ஆறாம் வகுப்பிலிருந்து அதை விருப்பப் பாடமாகப் படித்து வந்தேன். எங்கள் வகுப்பில் ஏழெட்டுப் பேர்தான் இருந்தோம். வீட்டில் பேசும் மொழி ஆதலால் பெரிதாக உழைக்காமலே நல்ல மதிப்பெண் வாங்கிக் கொண்டிருந்தேன்.

தமிழை எழுதிவிடலாம் என்று தமிழம்மாவிடம் போனேன். அவர் மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “தமிழ் பிடித்திருப்பதால் எடுக்கிறாயா, கணிதத்துக்கு அஞ்சி எடுக்கிறாயா?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. “பிடித்து எடுத்தால் வா. ஒளிந்துகொள்ள இடம் தேடி என் வகுப்புக்கு வராதே” என்றார். அன்று அவர் மீது எனக்குக் கோபம் வந்தது.

அந்த நாள்களில் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் வாழும் அத்தை தொலைபேசியில் பேசினார். அவர் மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். பள்ளியின் கடைசி ஆண்டுக்குப் போகவிருந்தாள். அவளும் பாடத் தேர்வில்தான் மூழ்கியிருந்தாள். ‘ஏ.பி. கால்குலஸ்’ என்ற பாடத்தை எடுத்திருப்பதாகச் சொன்னாள். பள்ளியில் இருந்தபடியே படிக்கும் கல்லூரித் தரப் பாடம் அது. மே மாதத்தில் தேர்வு. 1 முதல் 5 வரை மதிப்பு தருவார்கள். “அது கடினமாயிற்றே, மதிப்பெண் குறைந்துவிடாதா?” என்று கேட்டேன். குறையலாம் என்றாள். ஆனால் அங்கே கல்லூரிகள் விண்ணப்பத்தைப் பார்க்கும்போது எத்தனை வாங்கினாள் என்பதோடு, பள்ளியில் இருந்த பாடங்களில் எவற்றை எடுத்தாள் என்பதையும் பார்க்குமாம். கடைசி ஆண்டில் எளிய பாடங்களாகப் பொறுக்கிக்கொண்டால் அதுவும் அவர்கள் கண்ணில் படும் என்றாள்.

தொலைபேசியை வைத்தபின் எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் மதிப்பெண் பட்டியலில் கணிதத்தின் 80உம் உடற்கல்வியின் 95உம் வெறும் எண்கள். எது மேட்டில் ஏறி வந்தது, எது சமவெளியில் நடந்து வந்தது என்று அந்தத் தாள் சொல்லாது. அன்று டெல்லியில் கல்லூரி இடம் பெரும்பாலும் நான்கு பாடங்களின் சராசரியைக் கொண்டே முடிவானது. அரைப் புள்ளி குறைந்தாலும் வேறு கல்லூரிதான். அப்படியிருக்க, கடினமானதை எடு என்று ஒருவரிடம் சொல்வது எளிதா? (இன்றும் எனக்கு அது எளிதாகத் தோன்றவில்லை.)

பதின்மூன்றாம் நாள் காலையில் அப்பா அலுவலகம் கிளம்பும்போது, “என்ன எழுதினாய்?” என்றார். “கணிதம்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எழுதினேன்.

ஆகஸ்டு மாதத்தில் எங்கள் வீட்டில் ஒரு நல்ல மாலை வந்தது. பதினொன்றாம் வகுப்பில் பொருளியலோடு புள்ளியியல் நூல் ஒன்றும் உண்டு. அதில் குறியீட்டெண்கள் என்றோர் இயல். வகுப்பில் அதுவரை நடத்தவில்லை. நானாகப் புரட்டியபோது, தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண் என்ற பெயரைக் கண்டேன். அப்பாவின் அகவிலைப்படி அதைக் கொண்டுதான் கணக்கிடப்படுகிறது! அலுவலகத்திலிருந்து அப்பா பன்னிரண்டு மாதக் குறியீட்டெண்களை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு வந்தார். 2009 சூலையில் 160. 2010 சூனில் 174. பன்னிரண்டையும் கூட்டினேன், 2015 வந்தது. பன்னிரண்டால் வகுத்தால் சராசரி 167.92. அதிலிருந்து அடிப்படை எண்ணாகிய 115.76ஐக் கழித்தால் 52.16. அதை மீண்டும் 115.76ஆல் வகுத்து நூறால் பெருக்க, 45.06. பின்னத்தை விட்டுவிட வேண்டும் என்றார் அப்பா. 45 விழுக்காடு. செப்டம்பரில் அரசு அறிவித்தபோது அதே 45தான். மாடிவீட்டுப் பஞ்சாபிக்காரர் என்னைப் ‘பொருளாதார நிபுணர்’ என்று அழைக்கத் தொடங்கினார். பருப்பு விலையின் பயண வழியை நான் கண்டுபிடித்துவிட்டேன். அதில் இருந்தது கூட்டலும் வகுத்தலும்தான்.

அந்தப் பெருமை ஒரு மாதம் நிலைத்தது. அரையாண்டுத் தேர்வில் கணிதத்தில் நூற்றுக்கு 31 வாங்கினேன். தேர்ச்சிக்கு 33 வேண்டும். அதுவரை எந்தப் பாடத்திலும் நான் தோற்றதில்லை. விடைத்தாளை மடித்து மடித்து நெருப்புப் பெட்டி அளவுக்குச் சுருக்கிப் பையின் அடியில் வைத்திருந்தேன். அம்மா பையைத் துவைக்க எடுத்தபோது அது கிடைத்தது. அன்று வீட்டில் யாரும் சத்தம் போடவில்லை. அதுதான் கடினமாக இருந்தது. பாடத்தை மாற்றிக்கொள்ள அந்த மாதக் கடைசி வரை வாய்ப்பு உண்டு என்று பள்ளி அலுவலகத்தில் சொன்னார்கள். அப்பா விண்ணப்பக் கடிதத்தை எழுதிக் கையொப்பமும் இட்டுத் தந்தார். “கொடுப்பதும் கொடுக்காததும் உன் விருப்பம், அம்மா” என்றார்.

கடிதத்தில் கணித ஆசிரியரின் கையொப்பமும் வேண்டும். அவர் இந்தி பேசுபவர், அதிகம் பேசாதவர். கடிதத்தைப் படித்துவிட்டு, “எந்த இடத்தில் புரியாமல் போனது?” என்று கேட்டார். எல்லாம்தான் என்றேன். “எல்லாம் என்று ஓர் இயல் புத்தகத்தில் இல்லை” என்று சொல்லி, என் விடைத்தாளை விரித்தார். நெருப்புப் பெட்டி மடிப்புகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. முக்கோணவியல் கணக்கு ஒன்றில், மேலே ஒரு கூட்டல் கோவை. கீழே அதன் ஓர் உறுப்பு மட்டும். இரண்டு இடத்திலும் ஒரே எழுத்து இருக்கிறதே என்று நான் அடித்துவிட்டிருந்தேன். “எழுத்துக்குப் பதில் எண்ணைப் போட்டுப் பார்” என்றார். ஐந்தும் மூன்றும் கூட்டி ஐந்தால் வகு. எட்டின் கீழ் ஐந்து. நான் செய்திருந்த முறையில் ஐந்தை ஐந்தோடு அடித்தால் மிஞ்சுவது மூன்று. எட்டின் கீழ் ஐந்து எப்படி மூன்றாகும்? எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அந்தத் தாளில் அதே பிழை ஆறு இடத்தில் இருந்தது. நான் தோற்றது பதினொன்றாம் வகுப்புக் கணிதத்தில் அன்று. எட்டாம் வகுப்பில் சரியாகப் பிடிக்காமல் விட்ட ஓர் இழையில். “கையொப்பம் இடுகிறேன். அதற்கு முன் பத்து நாள் காலையில் அரை மணி முன்னதாக வா” என்றார்.

பத்து நாள் பிப்ரவரி வரை நீண்டது. டெல்லிக் குளிரில் ஆறரை மணிக்குப் பனிமூட்டத்துக்குள் நடந்து போவேன். எட்டாம் வகுப்பு நூல், பிறகு ஒன்பது, பிறகு பத்து. தன்னைவிடச் சிறிய பிள்ளைகளின் நூலைப் பையில் கொண்டுபோவது வெட்கமாக இருந்ததால் பழைய செய்தித்தாளில் அட்டை போட்டுக்கொண்டேன். ஆண்டுத் தேர்வில் 58 வந்தது. கடிதம் அப்பாவின் கையொப்பத்தோடு அப்படியே என் மேசையில் கிடந்தது.

2011 சூனில் ஒரு செய்தி எங்களை எல்லாம் கலக்கியது. டெல்லியின் புகழ்பெற்ற கல்லூரி ஒன்று, பள்ளியில் வணிகவியல் படிக்காத மாணவர்களுக்கு முதல் பட்டியலில் 100 விழுக்காடு என்று அறிவித்திருந்தது. அந்த நிபந்தனை எனக்கு உரியதன்று; ஆயினும் அன்றிரவு நான் உறங்கவில்லை. நூற்றுக்கு நூறு கேட்கும் ஊரில் 58 வாங்கியவள் என்ன செய்வாள்? உடற்கல்வி எடுத்த தோழியை எண்ணிக் கொஞ்சம் அழுதேன். அவள் செய்தது தவறு என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். அவள் விரும்பியது ஆங்கில இலக்கியம். அதற்குக் கணிதம் தேவையில்லை. அவள் கணக்கு சரியாகவே இருந்தது. தந்தையின் சொல்லுக்காக அறிவியல் பிரிவில் சேர்ந்து இரண்டாண்டும் வாடிய வகுப்புத் தோழன் ஒருவனும் உண்டு. கடினமானது என்பதற்காக மட்டும் ஒரு பாடத்தை எடுப்பதும் அறிவுடைமையாக எனக்குத் தோன்றவில்லை.

2012இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் கணிதத்தில் 81 கிடைத்தது. நான்கு பாடச் சராசரி 90ஐத் தொடவில்லை. நான் கனவு கண்ட கல்லூரிகளின் பட்டியல்கள் ஒவ்வொன்றாக மூடின. நான்காம் பட்டியலில், இரண்டு பேருந்து மாறிச் செல்ல வேண்டிய ஒரு கல்லூரியில் பொருளியலில் இடம் கிடைத்தது. இப்போது முறை மாறிவிட்டது. 2022 முதல் டெல்லிப் பல்கலைக்கழகம் பொது நுழைவுத் தேர்வைக் கொண்டு மாணவரைச் சேர்க்கிறது. ஆனால் பொருளியலின் வாசலில் கணிதம் இன்றும் நிற்கிறது. நுழைவுத் தேர்வில் அந்தத் தாளையும் எழுத வேண்டும்.

கணிதத்துக்காக நான் விட்டது ஒன்று உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டாண்டுகளில் தமிழை நான் ஏறக்குறைய தொடவே இல்லை. தமிழம்மா, “வகுப்பில் இல்லாவிட்டாலும் நூலகத்துக்கு வா” என்று சொல்லியிருந்தார். டெல்லித் தமிழ்ச் சங்க நூலகம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தொலைவுதான். இரண்டு முறை போனேன், அதோடு சரி. கும்பகோணத்தில் இருந்த பாட்டிக்கு மாதம் ஒரு கடிதம் எழுதும் வழக்கம் அரைப் பக்கமாகச் சுருங்கி, பிறகு கடிதத்தின் அடியில் அப்பா எழுதியதற்குக் கீழே ஒரு வரியாகக் குறுகியது.

கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியை மட்டும் நானே பாட்டிக்கு எழுத விரும்பினேன். ஒரு பக்கம் எழுத இரண்டு மாலை ஆயிற்று. ரகரமும் றகரமும் என் கையில் இடம் மாறின. ஒற்று எங்கே மிகும் என்பது மறந்துவிட்டது. பாட்டி வாழ்த்துச் சொல்லித் தனியே ஒரு கடிதம் எழுதினார். அதனோடு என் கடிதத்தையும் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பியிருந்தார். பதினேழு பிழைகள். கடைசியில் பள்ளி ஆசிரியரைப் போல, “மீண்டும் எழுதி அனுப்பு” என்று குறித்திருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மீண்டும் எழுதினேன். அந்த முறை ஒன்பது.