நான்கு மில்லிமீட்டர்



எங்கள் குடும்பத்தில் ஒரு பழைய டொயோட்டா ஹைலக்ஸ் உண்டு. தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அப்பா வாங்கியது. அண்ணன் தம் செம்பனைக் குலைகளை அதில்தான் ஆலைக்கு ஏற்றிச் செல்வார். பள்ளியில் விளையாட்டுப் போட்டி என்றால் கூடாரக் கம்பிகளும் நாற்காலிகளும் அதில்தான் வந்து இறங்கும். ரெம்பியாவில் அதன் இரைச்சலைக் கேட்டே "வாத்தியார் வண்டி வருகிறது" என்பார்கள்.

ஒருநாள் பாரத்தோடு மேடேறும்போது எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. சிலிண்டர் தலைப்பகுதியில் விரிசல். அது '2எல்' என்னும் டீசல் எஞ்சின். சூடு மிகுந்தால் தலை வெடிப்பது அதற்குப் பழைய நோய். "மாற்றுவதுதான் மாற்றுகிறோம், பெரியதாகவே போட்டுவிடுவோம்" என்றார் அண்ணன்.

வண்டியை என் முன்னாள் மாணவர் ஒருவரின் பட்டறைக்கு இழுத்துச் சென்றோம். அவர் '3எல்' எஞ்சினைப் பரிந்துரைத்தார். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. தாங்கிகளும் கியர்பெட்டியும் பெரிய வெட்டு ஒட்டு இல்லாமல் பொருந்திவிடும். ஜப்பானில் வாகனச் சோதனை கடுமையானது, செலவும் அதிகம். அதனால் நல்ல நிலையில் உள்ள வண்டிகளைக்கூட அங்கே கழித்துவிடுகிறார்கள். அவற்றைப் பாதியாக வெட்டி இங்கே இறக்குமதி செய்வதைத்தான் நாம் 'ஹாப்கட்' என்கிறோம்.

"எவ்வளவு பெரியது, தம்பி?" என்று கேட்டேன். பழைய எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 92 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 92. புதியதில் இரண்டுமே 96. நான்கு மில்லிமீட்டருக்கா இத்தனை பாடு என்று எனக்குத் தோன்றியது. அவர் ஒரு பழைய அட்டைப்பெட்டியின் மேல் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆரத்தின் வர்க்கம், பை, உயரம், அப்புறம் நான்கு சிலிண்டர். பழையது 2,446 கன சென்டிமீட்டர், புதியது 2,779. ஏறத்தாழ நூற்றுக்குப் பதினான்கு பங்கு கூடுதல்! விட்டமும் உயரமும் சேர்ந்து வளர்வதால் சிறு அளவு பெருகிவிடுகிறது. டர்போ இல்லாத டீசல் எஞ்சின் தன் கொள்ளளவுக்கு ஏற்ற காற்றைத்தான் இழுக்கும். காற்று கூடினால்தான் கூடுதல் எண்ணெயைப் புகையின்றி எரிக்க முடியும். மேட்டில் இழுவை கிடைப்பது இதனால்தான்.

அண்ணனுக்கு இதெல்லாம் போதவில்லை. "எப்போது பூட்டுவாய்?" என்பதே அவர் கேள்வி.

மாணவரோ பிரேக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். பிரேக், கிளட்ச், ரேடியேட்டர் மூன்றையும் சரிசெய்த பிறகே எஞ்சினைத் தொடுவேன் என்றார். பிறகு ஜேபிஜே அனுமதி வேண்டும் என்றார். எஞ்சின் வாங்கிய பத்திரங்கள், வண்டிச் சோதனை, கிரானில் எஞ்சின் எண்ணையும் கொள்ளளவையும் திருத்துதல் என்று நீண்ட வேலை.

நான் சொன்னதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். "எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கிறது, மூடியைத் திறந்து யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "விபத்து நடந்தால் பார்ப்பார்கள், சார். காப்புறுதி கிடைக்காமல் போகலாம். அடிபட்டவருக்கு யார் பதில் சொல்வது?" என்றார். சிறிது நேரம் கழித்து, "கிரானில் ஒன்று, வண்டியில் ஒன்று என்றால் நான் பூட்டமாட்டேன், சார். வேறு பட்டறை பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். குரலில் மரியாதை குறையவில்லை.

ஆறாம் ஆண்டில் பக்கத்து மாணவனின் தாளைப் பார்த்து எழுதியதற்காக இவரை வகுப்பின் முன் நிறுத்தி நான் கடிந்துகொண்டது நினைவுக்கு வந்தது. அவருக்கும் அது நினைவில் இருந்ததா தெரியவில்லை. இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான் பத்திரங்களை எடுத்துவர வீட்டுக்குப் புறப்பட்டேன்.

பல வாரங்கள் ஆயின. குலைகளை வாடகை லோரியில் ஏற்றிவிட்டு அண்ணன் என்னைத்தான் திட்டினார். மலாக்காவுக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு நடையாய் நடந்தேன். திருத்திய கிரான் கைக்கு வந்த அன்று, எஞ்சினில் பொறித்திருந்த எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டுப் பார்த்தேன், விடைத்தாள் திருத்துவதைப்போல.

இப்போது வண்டி அதே மேட்டை மூன்றாவது கியரிலேயே ஏறுகிறது. இரைச்சல் மட்டும் குறையவில்லை.

பழைய எஞ்சினின் பிஸ்டன் ஒன்றைக் கேட்டு வாங்கி, மண்ணெண்ணெயில் கழுவி, பயிற்றுத்துணைப் பொருளாக வகுப்புக்குக் கொண்டுபோனேன். மாணவர்கள் அடிக்கோலை வைத்து அளந்தார்கள். 9.2 சென்டிமீட்டர் என்று சரியாகச் சொன்னார்கள். "இன்னும் நான்கு மில்லிமீட்டர் கூட்டினால்?" என்றேன். பின்வரிசையில் ஒரு பையன், "ஒன்றும் ஆகாது, சார்!" என்றான். கரும்பலகையில் அவனையே கணக்குப் போட அழைத்தேன்.