மாம்பழமும் நுரையும்

தேவ்நாரில் எங்கள் வீட்டில் மே மாதம் விசேஷம் வந்தால் அல்போன்சா கட்டாயம் உண்டு. மது மட்டும் கூடாது. காரணம், மாமியார். மாமனாரைச் சாராயத்துக்குப் பறிகொடுத்தவர். 2015-இல் மால்வணியில் விஷச் சாராயம் நூறு பேருக்கு மேல் பலிவாங்கியபோது இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. "விருந்துன்னா சோறு போடு, பாட்டில் எதுக்கு?" என்பார்.

26 வயது மகளுக்கு வேலை கிடைத்ததும் அவள் கேட்டது, தோழிகளோடு திறக்க ஒரே ஒரு பாட்டில் ஷாம்பெயின். உண்மையில் அது ஷாம்பெயின் அல்ல. அந்தப் பெயர் பிரான்சில் அந்த வட்டாரத்துக்கே சொந்தம். இது நாசிக் திராட்சையில் செய்த நுரை ஒயின். 1980-களிலேயே புனே பக்கம் நாராயண்காவில் தயாரான 'ஓமர் கய்யாம்' வெளிநாடுகளுக்குப் போயிருக்கிறது. லேபிளில் 'ப்ரூட்' என்றிருந்தால் (ஃப்ரூட் அல்ல!) இனிப்பு குறைவு. பழத்தோடு சேர அதுதான் சரி.

வெனிஸ் நகரத்து ஹாரிஸ் பாரில் சிப்ரியானி என்பவர் பீச் பழக்கூழில் நுரை ஒயின் ஊற்றி 'பெல்லினி' என்று பெயர் வைத்தார். பீச்சுக்கு நாம் எங்கே போக? அல்போன்சா போதும். கூழை நார் இல்லாமல் வடிகட்டி, சர்க்கரை சேர்க்காமல் நன்றாகக் குளிரவையுங்கள். பாட்டிலையும் நாலு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சூடாக இருந்தால் பாதி ஒயின் தரைக்குத்தான். திறக்கும்போது துண்டால் மூடி, கார்க்கை இறுகப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள். சினிமாவில் போல 'டப்' சத்தம் வேண்டாம், கண் பத்திரம். ஒரு பங்கு கூழ், மூன்று பங்கு ஒயின். கூழ் முதலில், டம்ளரைச் சாய்த்து ஒயினை மெல்ல ஊற்ற வேண்டும். நுரை சீறி எழும், பொறுத்திருந்து மறுபடி ஊற்றுங்கள். கரண்டியால் ஒரே ஒரு சுற்று. 750 மில்லி பாட்டில் ஆறு பேருக்கு வரும்.

கூழை வடிகட்டித் தந்தவர் மாமியார்தான். பாட்டில் திறக்கிற நேரம் மட்டும் பால்கனிக்குப் போய்விட்டார். காற்று திரும்பினால் குப்பைமேட்டு நெடி வருகிற பால்கனி. அவருக்கு அதே கூழில் சோடா ஊற்றி, அதே மாதிரி டம்ளரில் மகள் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு பேத்தியின் டம்ளரையும் வாங்கி முகர்ந்தார்.

"ராத்திரியே அந்த பாட்டிலை வெளியே போட்டுடு" என்றார். போட்டுவிட்டோம்.