விரலைக் கவ்வும் குட்டி டப்பா

கொரோனா காலத்துல வாங்கின பல்ஸ் ஆக்ஸிமீட்டர் உங்க வீட்டு அலமாரியிலயும் கிடக்கும். அடுத்த முறை எடுத்து மாட்டும் முன் இதைப் படிச்சிடுங்க.

ஜப்பானின் தகுவோ அவோயாகி 1974ல் முன்வைத்த தத்துவம் அது. சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் பாய்ச்சும். ஆக்சிஜன் ஏந்திய ரத்தமும் ஏந்தாத ரத்தமும் அவற்றை வெவ்வேறு அளவில் உறிஞ்சும். அந்த வித்தியாசத்தை நாடித்துடிப்போடு சேர்த்துக் கணக்குப் போட்டு நம்பர் காட்டும்.

விரல் ஜில்லுனு இருந்தாலோ, அடர் நிற நெயில் பாலிஷ் இருந்தாலோ, கை ஆடினாலோ கணக்கு தப்பும். "85 காட்டுது டாக்டர்" என்று நள்ளிரவில் பதறி வருவார்கள். கையைத் தேய்த்துச் சூடாக்கி மாட்டினால் 98!

அது சிரிச்சுட்டுப் போற விஷயம். எனக்குப் பயம் மறுபக்கம்தான். "97 இருக்கே" என்று, மூச்சு வாங்குபவரை வீட்டிலேயே வைத்திருப்பது. ஆஸ்துமாவிலும் மாரடைப்பிலும்கூட நம்பர் நன்றாக இருக்கலாம். கருமையான தோலில் உள்ளதைவிடக் கூடுதலாகவும் காட்டலாம். நம்ம ஊருக்கு இது முக்கியம்.

நம்பர் நல்லா இருந்து ஆள் மூச்சு வாங்கினா, ஆளை நம்புங்க. உடனே கூட்டிட்டு வாங்க.